சாரன் பட்டைக் குறிப்புகள்

மருதமுனைக் கைத்தறிச் சாரனுக்கு உள்பக்கம் என்று ஒன்று கிடையாது. தையல் பழக வரும் பிள்ளைகளிடம் ஒரு துண்டைக் கொடுத்து, "இதில் நல்ல பக்கம் எது, சொல்லுங்கள் பார்ப்போம்" என்றால் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு முழிப்பார்கள். முதலில் நூலுக்குச் சாயம் ஏற்றி, பிறகு தறியில் போட்டு நெய்த துணி அது. பாவும் ஊடும் நிறத்தோடேயே தறிக்கு வருகின்றன. ஆகவே கட்டம் இந்தப் பக்கம் எப்படியோ அந்தப் பக்கமும் அப்படியே. அச்சடித்த சீத்தையில் நிறம் ஒரு முகத்தில் மட்டும் இருக்கும், மற்ற முகம் வெளிறிக் கிடக்கும். இரண்டு பக்கமும் போர்த்தக்கூடிய போர்வையைத் தைக்கப் பழகுகிறவர் எந்தத் துணியில் தொடங்க வேண்டும் என்று கேட்டால், நான் சாரனையே சொல்வேன்.

*

எங்கள் ஊரான வரிப்பத்தான்சேனையில் போர்வை எதற்கு என்று கேட்பவர்கள் பங்குனி, சித்திரையில் வந்து போனவர்களாக இருப்பார்கள். மாரியில் வந்து பார்க்க வேண்டும். கார்த்திகை, மார்கழியில் வாடை மழை பிடித்தால் வயல் வெளியிலிருந்தும் இறக்காமம் குளத்துப் பக்கமிருந்தும் வரும் ஈரக்காற்றுக்கு ஒற்றைச் சாரனைப் போர்த்துக்கொண்டு கிடப்பது போதாது. கம்பளி வேண்டாம், அது இங்கே வியர்க்கும், நாறும், காயாது. மூன்று அடுக்குப் பருத்தி போதும்.

*

போர்வை தைப்பதில் எல்லோரையும் பயமுறுத்துவது தையல் அல்ல, அளவு. வழக்கமான முறையில் மேல்முகத்தை முழுதாகத் தைத்து முடித்து, நடுவில் பஞ்சு விரித்து, அடியில் இன்னொரு முழுத் துணி வைத்து, மூன்றையும் சேர்த்து மெசினுக்குள் திணித்து குறுக்கும் நெடுக்கும் தைக்க வேண்டும். அதற்குப் பெரிய மேசை வேண்டும், பெரிய மெசின் வேண்டும். நம் வீடுகளில் இருப்பது விறாந்தை மூலையில் ஒரு கால் மெசின், அதன் பலகை அளவு இடம்.

பட்டைப் போர்வை இந்தச் சிக்கலை வேறு வழியில் அவிழ்க்கிறது. மேல்முகப் பட்டை, நடு அடுக்கு, அடிமுகப் பட்டை எல்லாம் ஒரே தையலில் சேர்ந்து போகின்றன. ஒரு பட்டை முடிந்தால் அந்த அளவுக்குப் போர்வையே முடிந்தது. தைக்கும்போது முடிந்த பகுதி முழுவதும் ஊசிக்கு இடப்பக்கம் கிடக்கும். வலப்பக்கம், மெசின் கைக்குள்ளே போவது வெறும் அரை அங்குலத் தையல் விளிம்பு. எவ்வளவு பெரிய போர்வையானாலும் மெசினுக்குள் போவது அந்த அரை அங்குலம்தான். இதை ஒருமுறை விளங்கிக்கொண்டால் கைமெசினில்கூடத் தைத்துவிடலாம்.

*

அளவு, குழந்தைப் போர்வைக்கு: 36 அங்குல அகலம், 42 அங்குல நீளம்.

நான்கு பழைய சாரன். சாரனில் முதலில் நைவது உட்காருமிடமும் கீழ்க்கரையும்தான். மூட்டுத் தையலைப் பிரித்து விரித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் எது உயிரோடு இருக்கிறது, எது போய்விட்டது என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு சாரனிலும் 25 அங்குலம் நல்ல துணி கிடைத்தால் போதும். 3½ அங்குலப் பட்டை ஏழு வரும். நான்கு சாரனுக்கு 28 பட்டை: மேல்முகத்துக்கு 14, அடிமுகத்துக்கு 14. ஒரு முகத்துக்கு இரண்டு சாரன், மாறி மாறி. ஒரே சாரனில் ஒரு முகத்தை முடித்தால் பட்டையே கண்ணுக்குத் தெரியாது. இவ்வளவு வெட்டியது எதற்கு என்று ஆகிவிடும்.

விளிம்புக்கு 2½ அங்குலத்தில் ஐந்து பட்டை தனியாக. நான்கில் இழுத்துப் பறித்து முடிக்கலாம். கடைசி மூலையில் இரண்டு அங்குலம் போதாமல் நிற்பதைவிட ஒன்று மிஞ்சுவது நல்லது.

நடு அடுக்கு: முதல் பட்டைக்கு மட்டும் 3½ அங்குலம். மீதி 13 பட்டைக்கும் 2½ அங்குலம். ஏன் இந்த ஒரு அங்குல வித்தியாசம் என்பது தைக்கத் தொடங்கினால்தான் விளங்கும், கீழே எழுதுகிறேன்.

*

வெட்டுவதற்கு அளவுகோல் வேண்டாம் என்பது கட்டம்போட்ட துணியின் இரண்டாவது நன்மை. 3½ அங்குலத்துக்கு எத்தனை கட்டம் என்று ஒருமுறை எண்ணிக்கொண்டு, பிறகு கோட்டின் மேலேயே கத்தரித்துக்கொண்டு போகலாம். கோடு என்பது நூல். நூல் நேராக இருந்தால் பட்டையும் நேர். நான்கு சாரனிலும் கட்டம் நான்கு விதமாக இருக்கும், ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனியாக எண்ண வேண்டும். சின்னதாக ஒரு வெட்டுப் போட்டுக் கையால் கிழித்தாலும் நூல் வழியே நேராகப் போகும்தான், ஆனால் ஓரம் அலைபோல இழுபட்டு நூல் கொட்டும். பழகுகிறவர் கத்தரிக்கட்டும்.

சாரனின் இரண்டு கரையையும் நறுக்கி எறிந்துவிட வேண்டும். கரை இறுக்கமான நெசவு. கழுவக் கழுவ அது ஒரு மாதிரிச் சுருங்கும், துணி வேறு மாதிரிச் சுருங்கும். கரை போனால் நீளம் 42க்கு வந்து நிற்கும். சரிதான்.

*

புதுத் துணி என்றால் முதலில் நனைத்துக் காயவைக்காமல் வெட்டக்கூடாது. கைத்தறிப் பருத்தி முதல் கழுவலில் சுருங்கும். கடும் சிவப்பு, கறுப்பு, கருநீலம் சாயம் விடுமா என்று பார்க்க ஒரு வெள்ளைத் துணியை நனைத்து மேலே வைத்து அழுத்தினால் போதும். பழைய சாரனுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. சுருங்க வேண்டியதெல்லாம் கிணற்றடியில் எப்போதோ சுருங்கிவிட்டது, விட வேண்டிய சாயத்தையும் விட்டுவிட்டது.

*

மருதமுனை கல்முனைக்கு வடக்கே, கடலோரம். சாரனும் சேலையும் நெய்து பெயர் எடுத்த ஊர். 1977இல் நாட்டின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகு வெளிநாட்டுத் துணி மலிவாக வந்து குவிந்தது. இலங்கையெங்கும் கைத்தறி தளர்ந்தபோது இங்கேயும் தளர்ந்தது. அதன் பிறகு 2004 டிசெம்பர் 26, சுனாமி. இலங்கையில் அன்று அதிக உயிர்கள் போனது அம்பாறை மாவட்டத்தில். மருதமுனையில் கடலோரத்து வீடுகளோடு தறியும் நூலும் போயின. வயல்பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குத் தண்ணீர் வரவில்லை, மனிதர்கள்தான் வந்தார்கள். சுனாமிக்கு முந்திய காலத்து மருதமுனைச் சாரன் யார் வீட்டு அலுமாரியிலாவது இருந்தால் அதை வெட்டச் சொல்ல எனக்கு வாய் வராது. அதற்குப் பிந்தியவை போதுமான அளவு இருக்கின்றன.

*

இனித் தையல். முதல் பட்டைக் கூட்டு: அடிமுகப் பட்டையைக் கீழே விரித்து, அதன்மேல் 3½ அங்குல நடு அடுக்கு, அதன்மேல் மேல்முகப் பட்டை. மூன்றும் சரிசமம். இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் கையால் பெரிய ஓட்டுத்தையல் போட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது பட்டை வரும்போதுதான் தந்திரம். புதிய மேல்முகப் பட்டையை முதலாவதின் மேல் கவிழ்த்து வலது ஓரத்தோடு ஓரம் சேர்த்து வை. புதிய அடிமுகப் பட்டையை அடியில், அதேபோல வலது ஓரத்தோடு சேர்த்து வை. இப்போது அந்த ஓரத்தில் ஐந்து அடுக்கு: புது மேல், பழைய மேல், நடு, பழைய அடி, புது அடி. அரை அங்குலம் உள்ளே விட்டு மேலிருந்து கீழ்வரை ஒரே தையல். பிறகு இரண்டு புதுப் பட்டைகளையும் வலப்பக்கம் திருப்பினால், ஐந்து அடுக்குத் தையல் விளிம்பு இரண்டுக்கும் நடுவே ஒளிந்துகொள்ளும். இரு முகத்திலும் ஒரு தையல்கூடத் தெரியாது.

இப்போது இரண்டுக்கும் நடுவே 2½ அங்குல நடுப்பட்டையைச் செருக வேண்டும். ஒளிந்திருக்கும் தையல் விளிம்பின் ஓரத்தோடு முட்டவைத்து. மேலே ஏறக்கூடாது, இடைவெளியும் விடக்கூடாது. விளிம்பு அரை அங்குலம் இடம் பிடித்துக்கொண்டது, மீதி 2½. முட்டவைத்தால் நடுப்பட்டையின் வலது ஓரம் துணியின் வலது ஓரத்தோடு சரியாக வந்து நிற்கும். அடுத்த தையல் அதையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அந்த ஒரு அங்குல வித்தியாசம் இதற்குத்தான்.

இதேபடி 14 பட்டை.

*

அடியில் இருக்கும் பட்டை கண்ணுக்குத் தெரியாது. பழகுகிறவர்கள் அழுவது இந்த இடத்தில்தான். மேலே அழகாகத் தைத்துவிட்டுப் புரட்டிப் பார்த்தால் அடிப்பட்டை நடுவில் நழுவி, தையலில் பிடிபடாமல் வாய் பிளந்திருக்கும். குண்டூசியை நம்பக் கூடாது. முதலில் வேலையைக் கவிழ்த்துப் போட்டு, அடிப்பட்டையை மட்டும் வைத்து ஓரத்தில் ஓட்டுத்தையல் போட வேண்டும். பிறகு நிமிர்த்தி, மேற்பட்டையை வைத்து அதற்கும் ஓட்டுத்தையல். அப்புறம் மெசின். நேரம் கூடத்தான் போகும். பிரித்துத் தைப்பதற்குப் போகும் நேரத்தையும் கணக்கில் எடுத்தால் இதுவே குறைவு.

*

ஒரு பட்டையை மேலிருந்து கீழாகத் தைத்தால், போர்வையை மறுமுகம் மேலே வரும்படி தலைகீழாகப் புரட்டி, அடுத்ததைக் கீழிருந்து மேலாக; முடிந்த பகுதி அப்போதும் ஊசிக்கு இடப்பக்கமே கிடக்கும். மெசினின் பல் அடித்துணியைத் தள்ளிக்கொண்டே போகும், பாதம் மேல்துணியைப் பிடித்து வைக்கும். ஒரே திசையில் 13 தடவை தைத்தால் போர்வை வில்லாக வளையும். திசை மாற்றினால் ஒன்றின் இழுப்பை மற்றது சமப்படுத்தும். பாதத்தின் அழுத்தத்தைக் குறைக்கும் திருகு பழைய மெசின்களில் மேலே தலையில் இருக்கும். அதையும் சற்றுத் தளர்த்திக்கொள்ளலாம்.

ஊசி 14ஆம் நம்பர். நடுவில் துவாய் வைத்தால் 16. தையல் நீளம் சட்டைக்கு வைப்பதைவிடக் கொஞ்சம் பெரிது, மூன்று மில்லிமீற்றர் அளவில். நூல் சாம்பல் நிறம். எந்தச் சாரனுக்கும் சாம்பல் அடங்கும்.

அளந்துகொண்டே போவது நல்லது. நான்கு பட்டை முடிந்தால் 11 அங்குலம், எட்டு முடிந்தால் 21, பதினாலில் 36. இரண்டு நுனியிலும் நடுவிலும் அளக்க வேண்டும். மூன்று இடத்திலும் ஒரே அளவாகக் குறைந்திருந்தால் விட்டுவிடு, போர்வை சிறிதாகும், அவ்வளவுதான். மேலே 21, கீழே 20 என்றால் அப்போதே அடுத்த பட்டையில் சரிக்கட்ட வேண்டும்.

*

நடு அடுக்குக்கு என்ன என்று எல்லோரும் கேட்கிறார்கள். கடையில் விற்கும் பொலியெஸ்டர் பஞ்சு விரிப்பு பார்க்க உப்பலாக அழகாக இருக்கும். அயன் பட்டால் உருகும், நம் வெக்கைக்குப் புழுங்கும். பழைய கட்டில் விரிப்பு நல்லது. நைந்த துவாய் இன்னும் நல்லது, ஆனால் கனம். வங்காளத்துக் கந்தாப் போர்வை தைக்கும் பெண்கள் தனியாகப் பஞ்சு வைப்பதே இல்லை. பழைய சேலைகளையே அடுக்கித் தைப்பார்கள். தைக்கும் நூலையும் அந்தச் சேலைக் கரையிலிருந்தே உருவிக்கொள்வார்கள். அவ்வளவு சிக்கனம் நமக்கு வராது.

பனியன் துணி வேண்டாம். ஆடைத் தொழிற்சாலைகளின் வெட்டுத்துண்டு கிலோக் கணக்கில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி வருகிறார்கள். பாதிக்கு மேல் இழுபடும் துணி. சாரனோடு சேர்த்துத் தைத்தால் ஒன்று இழுபடும், ஒன்று நிற்கும். அதைக் கால்மிதிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

*

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி மக்கள் இருக்கிறார்கள். ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். முஸ்லிம்கள், இந்துக்கள், கிறிஸ்தவர்கள் என மூன்று சமயத்தாரும் உண்டு. அவர்களுடைய பெண்கள் தைக்கும் கவந்தி என்ற போர்வைக்கு மெசின் வேண்டாம், முன்திட்டமும் வேண்டாம். அடியில் ஒரு பழைய சேலையை விரித்து, ஓரத்திலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி உள்நோக்கித் தைத்துக்கொண்டு போவார்கள். நடுவில் வந்து முடியும். நான்கு மூலையிலும் 'பூ' என்று சின்னத் துண்டு மடித்து வைப்பார்கள். பூ இல்லாத போர்வை அவர்கள் கண்ணுக்கு அம்மணம். படம் பார்த்தேன்; நிறங்கள் கண்ணைப் பறிக்கின்றன. ஆனால் பழகுகிறவருக்கு அது கைவராது. கையும் கண்ணும் முதிர்ந்தவர்களின் வேலை அது.

*

அமெரிக்காவில், அலபாமாவில், ஆறு வளையும் இடத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஊர். அங்கே இருப்பவர்கள் அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்தவர்கள். அந்தப் பெண்களின் போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குப் போயின. 2006இல் அந்நாட்டுத் தபால்தலையிலும் வந்தன. வெறும் நீளப் பட்டைகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வைக்கு அங்கே 'சோம்பேறிப் பெட்டை' என்று பெயராம். பரவாயில்லை, நாங்களும் அந்தச் சோம்பேறிகளிடமிருந்துதான் தொடங்குகிறோம்.

அந்த ஊரின் மிசூரி பெட்வே 1942இல் இறந்துபோன கணவரின் வேலையுடுப்புகளை வெட்டி ஒரு போர்வை தைத்தார். முழங்கால் தேய்ந்த காற்சட்டைத் துணி, வெயிலில் வெளிறிய நீலம். எங்கள் பக்கம் மௌத்தானவரின் உடுப்பை யாருக்காவது கொடுத்துவிடுவதுதான் வழக்கம், நல்ல வழக்கம். ஆனாலும் கொடுக்க முடியாத அளவுக்கு நைந்த ஒரு சாரன் எப்போதும் மிஞ்சும். அதில் 25 அங்குலம் தேறும்.

*

எங்கள் ஊர்களில் கல்யாணமான பெண் தாய்வீட்டிலேயே இருப்பாள். வீடு அவளுக்குத்தான், மாப்பிள்ளைதான் வருகிறவர். இதனால் தையலுக்கு ஒரு வசதி. உம்மாவின் மெசின் மகளுக்கு இடம் மாறாமலே போய்ச் சேருகிறது. அலுமாரியில் வாப்பாவின் சாரனும் மருமகனின் சாரனும் ஒன்றாகவே கிடக்கின்றன. இரண்டையும் ஒரே போர்வையில் அக்கம்பக்கமாகத் தைப்பதற்கு மாமனும் மருமகனும் பேசிக்கொள்கிற உறவில் இருக்க வேண்டும் என்பதில்லை.

*

சிங்கர் இலங்கையில் கடை திறந்தது 1877இல். இன்றும் ஓடுகிற பழைய கால் மெசின்கள் எத்தனையோ வீடுகளில் உண்டு. 2022 மார்ச் கடைசியில் நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு நடந்தபோது மின்சார மெசின் வாங்கியவர்கள் கைகட்டி உட்கார்ந்திருக்க, கால் மெசின்காரிகள் நோன்புக்கும் பெருநாளுக்கும் தைத்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து அடுக்கையும் கால் மெசின் அலட்டிக்கொள்ளாமல் கடக்கும். மெதுவாக மிதித்தால் ஒவ்வொரு தையலும் நம் கட்டுப்பாட்டில். பழகுகிறவருக்கு அதுவே நல்லது என்பது என் கட்சி.

*

முஸல்லா (தொழுகை விரிப்பு) தைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். 70க்கு 110 சென்ரிமீற்றர், பட்டைக் கணக்குக்கு அழகாக அடங்கும். ஆனால் யோசித்துப் பார்த்தால் இரு முகமும் ஒன்றுபோல இருப்பது அங்கே குணமல்ல, குறை. நிலத்தில் பட்ட பக்கம் எது, நெற்றி பட்ட பக்கம் எது என்று தெரிய வேண்டுமே. தைப்பதானால் அடிமுகம் முழுவதும் ஒரே கருநிறத்தில் போட வேண்டும். அப்படிச் செய்தால் தாராளமாகத் தைக்கலாம்.

*

நிற ஒழுங்கைப் பற்றி யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்றார் பன்பாய் இழைக்கும் சாச்சி ஒருவர். உண்மைதான். சாயம் போட்ட பன்னை எத்தனை இழைக்கு ஒருமுறை மாற்றுவது என்று தலைமுறையாகக் கைக்குத் தெரிந்தவர்கள், சிவப்புப் பட்டையை எங்கே வைப்பது என்று புத்தகம் பார்க்க வேண்டியதில்லை. அவர் வைத்த முறை: இரண்டு மங்கல், ஒரு பளிச், மீண்டும் இரண்டு மங்கல். மாறி மாறி வை என்று நான் சொல்வதைவிட நன்றாக இருந்தது. அடுத்தவர்களுக்கு இதையே சொல்கிறேன்.

*

விளிம்பு. 2½ அங்குலப் பட்டைகளை நீளமாக இணைத்து, மேல்முகத்தில் ஓரத்தோடு ஓரம் வைத்து அரை அங்குலத்தில் தைத்து, அடிமுகத்துக்கு மடித்து, ஓரத்தை உள்ளே திருப்பிக் கையால் ஒளிதையல். மூலைக்கு அரை அங்குலம் முன்னமே தையலை நிறுத்தி, பட்டையை மேல்நோக்கி மடித்து, திரும்ப அடுத்த ஓரத்தோடு இறக்கினால் மூலை தானாகக் கூராக வரும். இரு முகப் போர்வையில் கண்ணுக்குத் தெரிகிற ஒரே தையல் இதுதான். ஆகவே அவசரப்படக் கூடாத இடமும் இதுதான். பெரும்பாலோர் அவசரப்படுகிற இடமும்.

*

கழுவ: பச்சைத் தண்ணீர், முறுக்கிப் பிழியாமல், நிழலில். மாரியில் கழுவாதீர்கள், மூன்று அடுக்கும் காயாமல் பூஞ்சணம் பிடிக்கும். தை பிறந்து வெயில் வரட்டும்.

*

பெரியவர்களுக்கு: 60 அங்குல அகலத்துக்கு 24 பட்டை, அது 61 அங்குலம் வரும், ஒரு அங்குலம் கூடினால் கூடட்டும். நீளம் 84 வேண்டும் என்றால் இரண்டு 42 அங்குலப் பட்டைகளை முனைக்கு முனை மூட்டிக்கொள்ள வேண்டும். மூட்டில் ஒரு அங்குலம் போகும், அதிகம் போனால் 83 வரும். எல்லா மூட்டும் நடுவில் ஒரே நேர்க்கோட்டில் விழாதபடி ஒன்றை மேலேயும் ஒன்றைக் கீழேயுமாகத் தள்ளி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தடிப்பு ஒரே இடத்தில் சேர்ந்துவிடும். இரு முகத்துக்கும் மொத்தம் 96 அரைப்பட்டை. ஒரு சாரன் நைந்த இடம் போக 14 அரைப்பட்டை தந்தால் ஏழு சாரன் வேண்டும். விளிம்புக்கு இன்னும் எட்டுப் பட்டை. அதற்குப் பழைய பர்தாத் துணி பார்க்கலாம், ஆனால் அது பெரும்பாலும் பொலியெஸ்டர், வழுக்கும். எட்டாவது சாரன் ஒன்று தேடுவதே மேல்.